பெடல் ஸ்டீலும் கேள்வி ஞானமும்

கன்ட்ரி பாட்டில் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், ஒரு ஸ்வரம் விம்மிக்கொண்டே மேலேறி இன்னொரு ஸ்வரத்தில் போய் ஒட்டும். உடன் ஒலிக்கும் மற்ற ஸ்வரங்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். அது பெடல் ஸ்டீல் கிட்டாரின் குரல். மேசைபோல் கிடத்திய பலகையில் பத்துக் கம்பிகள், அவற்றின்மேல் வழுக்கிச் செல்லும் எஃகு உருளை இடது கையில். இடது பாதத்தின் கீழ் கம்பியை இழுத்துச் சுருதி ஏற்றும் பெடல்கள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள், வலது பாதத்தின் கீழ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல். நம் கோட்டுவாத்தியத்திலும் கட்டையை வழுக்கித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கட்டை நகர்ந்தால் அதன் கீழுள்ள கம்பிகள் எல்லாமே சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். பெடல் ஸ்டீலில் ஒரு கம்பி மட்டும் தனியே ஏறலாம். இந்த வாத்தியத்தின் பழைய, பேர்பெற்ற லிக்குகளை, அதாவது சிறு இசைத் துணுக்குகளை, கேள்வி ஞானத்தால்தான் கற்க வேண்டும் என்பது என் வாதம். பழைய முறை என்பதற்காக அல்ல, வாத்தியத்தின் அமைப்பே அதைக் கேட்கிறது.

நாஷ்வில்லில் வழங்கும் இ-9 சுருதியமைப்பில் ஜி மேஜர் கார்டு மூன்று இடங்களில் கிடைக்கும்: எந்தப் பெடலையும் தொடாமல் மூன்றாம் ஃபிரெட்டில், ஏ பெடலும் எஃப் நெம்புகோலும் சேர்ந்து ஆறாம் ஃபிரெட்டில், ஏ, பி பெடல்கள் இரண்டையும் அழுத்திப் பத்தாம் ஃபிரெட்டில். கார்டு மட்டும் ஒலித்து நின்றால், வாசித்தவர் எங்கே இருந்தார் என்று சொல்வது கடினம். அடுத்து எந்த ஸ்வரம் அசைகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை நிற்க, பஞ்சமம் மட்டும் தைவதத்துக்கு ஏறினால், அநேகமாக மூன்றாம் ஃபிரெட்டில் ஏ பெடல் அழுந்துகிறது. ரிஷபம் காந்தாரத்துக்கு ஏறி, ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நின்றால், அது பத்தாம் ஃபிரெட். பி பெடல் ஏற்கெனவே அழுந்தியிருக்க, ஏ பெடல் இப்போதுதான் இறங்குகிறது. கன்ட்ரி இசையின் அழுகை என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இந்த அசைவைத்தான். ஃபிரெட் எண்ணையும் பெடலையும் குறித்துக் காட்டும் டேப்லேச்சர் பத்து, ஏ, பி என்று எழுதி விடையைக் கையில் கொடுத்துவிடும். காதால் தேடியவருக்கோ, ஏன் பத்து, ஏன் மூன்று அல்ல என்ற காரணமும் சேர்ந்தே கிடைக்கிறது. அடுத்த பாட்டில் அவர் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

காகிதத்தில் ஏறாத விஷயங்கள் இன்னும் உண்டு. பெடலை ஒரே அழுத்தாக அழுத்தினார்களா, பாதிவரை போய்த் தயங்கி முடித்தார்களா? கம்பியை மீட்டும்போது வலது பாதம் பின்வாங்கியிருந்து, ஒலி தேயத் தேய மெல்ல முன்னே வந்ததா? சுருதி விஷயம் இதைவிட நுட்பமானது. இயற்கையான காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிட அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. பல ஸ்டீல் கலைஞர்கள் கார்டு இனிக்க வேண்டும் என்று காந்தாரத்தை அந்தப் பக்கமாகத் தாழ்த்தியே சுருதி சேர்ப்பார்கள். இதை டேப்லேச்சரின் எந்த எண்ணாலும் எழுதிக் காட்டிவிட முடியாது. நம் கமகத்தை ஸ்வரக் குறிப்பு பிடிக்க முடியாமல் திணறுவதைப் போலத்தான்.

வரலாறும் இதற்குச் சாட்சி. 1953 இறுதியில் வெப் பியர்ஸ் பாடிப் பதிவான ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். பெடல்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுருதி மாற்றத்தான் பெரிதும் பயன்பட்டன. ‘ஸ்லோலி’யைக் கேட்ட மற்ற கலைஞர்கள் கையில் எந்தக் குறிப்பும் இல்லை. இந்த ஒலி எப்படி வருகிறது என்று காதால் ஆராய்ந்து, தங்கள் வாத்தியங்களைப் பிரித்துப் பெடல் பூட்டினார்கள். ஐசக்ஸின் ஒரே பெடல் செய்த வேலையை ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ் இரண்டு பெடல்களாகப் பிரித்தார்; இன்றைய ஏ, பி பெடல்கள் அப்படிப் பிறந்தவை. வாத்தியத்தையே கேள்வி ஞானம் செதுக்கியிருக்கிறது என்பேன்.

இதற்கு மறுப்பு உண்டு. இரு கை, இரு கால், இரு முழங்கால் எல்லாம் இயங்க வேண்டிய வாத்தியத்தில் புதிதாக உட்காருபவரைக் காதை மட்டும் நம்பு என்று விடுவது கொடுமை இல்லையா? நியாயமான கேள்வி. பெடல் எது, எந்தக் கம்பியை எவ்வளவு ஏற்றும் என்பதை வரைபடம் பார்த்தே கற்கலாம், கற்கவும் வேண்டும். நான் மறுப்பது லிக்கைக் கேட்கும் முன்பே அதன் எண்ணைப் படிப்பதை. காதால் பிடிப்பவர் பிறர் நகலாகிவிடுவார் என்பது இன்னொரு மறுப்பு. ஒரே தலைமுறை ஸ்டீல் கலைஞர்களில் ரால்ஃப் மூனியின் துள்ளலும் லாயிட் கிரீனின் மென்மையும் இவ்வளவு விலகி ஒலிப்பது இதற்குப் பதில். காது தான் கேட்டதில் பிடித்ததை எடுத்துக்கொள்கிறது, மற்றதை விட்டுவிடுகிறது. பாட்டின் வேகத்துக்குக் காது ஈடுகொடுக்காது என்பவர்களுக்கும் வழி இருந்தது. 33⅓ சுற்று இசைத்தட்டை 16⅔ சுற்றில் ஓடவிட்டால் பாட்டு பாதி வேகத்தில், சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இன்று மென்பொருள் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைத்துத் தருகிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள், அதுவும் கேட்பதுதான். பெடல் இறங்கும் நேரத்தை மட்டும் முழு வேகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்க விரும்புபவர், பக் ஓவன்ஸ் 1964-ல் வெளியிட்ட ‘டுகெதர் அகெய்ன்’ பாட்டில் டாம் பிரம்லி வாசித்த தனி இசையை எடுத்துக்கொள்ளட்டும். வாத்தியத்தைத் தொடும் முன் அதை வாயால் பாடிப் பாருங்கள். எந்த ஸ்வரம் நிற்கிறது, எது ஏறுகிறது என்று பாடத் தெரிந்த பிறகு உருளையைக் கையில் எடுங்கள். டேப்லேச்சரை அதற்கும் பிறகு திறக்கலாம்.