நீலம் வாங்கச் சென்றவர்

நவரத்தினங்களுள் நீலம் சனி பகவானுக்கு உரியது. பேரனுக்கு ஏழரைச் சனி தொடங்குகிறது என்றறிந்த கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர், மனைவியின் வளையல்களை விற்றாவது நீலக்கல் மோதிரம் செய்துவிட எண்ணினார்.

கடைக்காரர் இரு கற்களை எடுத்து வைத்தார். ஒன்று மாசு மறுவற்றது, விலையும் குறைவு. மற்றொன்றினுள், உருப்பெருக்கியில் பட்டிழை போன்ற நுண்கோடுகள் தெரிந்தன. முன்னது ஆலையில் வளர்த்தது, பின்னது இலங்கை இரத்தினபுரி மண்ணில் விளைந்தது என்று அவர் ஒளிக்காமல் உரைத்தார். இரண்டும் குருந்தம் என்னும் ஒரே கனிமமே. வெறுங்கண்ணால் வேறுபாடு அறிவது அரிது. நிறம் கூட்டச் சூடேற்றிய கற்களும் உண்டு. சூடேற்றாதவற்றுக்கே விலை மிகுதி. ஆகவே ஆய்வுக்கூடச் சான்றிதழ் இன்றியமையாதது. மோதிரத்தில் பதிக்கும் முன்பே கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, எடையையும் சரிபார்த்தல் நன்று. 1 காரட் என்பது 0.2 கிராம்.

சான்றிதழுடைய கல்லின் விலை வளையல்களின் மதிப்பை விஞ்சியது. அம்மையார் மெல்லச் சொன்னார்: “நள மகாராஜாவுக்குச் சனி விலகியது, திருநள்ளாற்றில் நீராடி ஈசனை வழிபட்டதால் அல்லவா? பேரனை அழைத்துக்கொண்டு போய் வருவோமே!”

வளையல்கள் அம்மையாரின் கையிலேயே தங்கின. பொருளுடையோர் ஆராய்ந்து வாங்கி அணியலாம். இல்லாதோர் அதற்காகக் கடன்பட வேண்டுவதில்லை. ஒரு நல்லெண்ணெய் தீபத்துக்கும் இரங்குபவர் சனீஸ்வரர்.