நிற்காமல் போன உம்மம்மா



ஒகஸ்ட் மாதம் வந்தால் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் உம்மம்மாவின் பேச்சுத் தொடங்கிவிடும். 2021 ஒகஸ்ட் கடைசியில் அவர் மௌத்தானார். இத்தனை வருடமாகியும் அவரைப் பற்றி நாலு வரி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் எல்லோருக்காகவும் எழுதுகிறோம்.

அக்குறணையில் ஏ9 வீதியிலிருந்து நாற்பது படி ஏறினால் உம்மம்மாவின் வீடு. அப்பா மௌத்தாகும்போது கையில் ஆறு பிள்ளைகள். வீட்டைச் சுற்றி நின்ற மிளகுக் கொடியும் நாலைந்து கராம்பு மரமும்தான் சொத்து. மிளகு பறிக்கும் காலத்தில் முற்றம் முழுக்கப் பாய் விரிந்திருக்கும். மழை இருட்டினால் படிக்கிற பிள்ளை, ஓதுகிற பிள்ளை என்று பார்க்கமாட்டார். "முதல்ல பாயத் தூக்குங்கொ!" கல்வியியற் கல்லூரிக்கு நாங்கள் கொண்டுபோன பெட்டியும், சப்பாத்தும், முதல் மாதச் செலவும் அந்தப் பாயில் காய்ந்தவைதான்.

பிங்கா ஓயா பெருகி டவுன் மூழ்கும்போதெல்லாம் அந்த நாற்பது படியும் நிரம்பிவிடும். கடைக்காரர்கள் சாமான் மூட்டைகளைக் கொண்டுவந்து திண்ணையில் அடுக்குவார்கள். பாதையில் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்து சிங்களப் பெண்கள் பிள்ளைகளோடு ஏறி வருவார்கள். எல்லோருக்கும் பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும். உம்மம்மாவுக்குச் சிங்களத்தில் தெரிந்தது கொஞ்சம்தான். அதில் பாதி "காலா யன்ன", சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வாசலால் போகிற யாரையும் அவர் சும்மா போகவிட்டதில்லை.

நாங்கள் ஆசிரியரான பிறகு, பாடசாலை விட்டு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார். என்ன படிப்பித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இன்டைக்கு எந்தப் புள்ள பசியோட வந்திச்சி மகள்?" ஆரம்பத்தில் எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகவே வகுப்பில் முகங்களைப் பார்க்கப் பழகினோம். கல்வியியற் கல்லூரியின் எந்தப் பாடத்திலும் இது இருக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியிலிருந்து கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரித்தார்கள். அந்த மாதங்களில் உம்மம்மா எதற்கும் பயப்படாத ஆள் என்பது பொய்யானது. இரவில் எழும்பி உட்கார்ந்து, "என்னய பத்த வெக்க மட்டும் விட்டுடாதீங்கொ" என்பார். நாங்கள் என்ன வாக்குக் கொடுப்பது? 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அன்றுதான் அவர் ஒழுங்காகத் தூங்கினார். "எங்க சரி மண்ணுதானே."

ஆறு மாதத்தில் அவருடைய முறை வந்தது. நாடு பூட்டியிருந்தது. குளிப்பாட்டக் கிடைக்கவில்லை, கடைசியாக முகம் பார்க்கவும் கிடைக்கவில்லை. இரண்டு மாமாமார் மட்டும் போனார்கள். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ள, பொலன்னறுவை வழியாக ஓட்டமாவடிக்குப் போகிற வாகனம் எங்கள் வீட்டடியால்தான் போகவேண்டும். "கட்டுகஸ்தோட்டை தாண்டிட்டோம்" என்று மாமா கோல் எடுத்தார். நாங்கள் எல்லோரும் படிகளில் வரிசையாக நின்றோம். வாகனம் வந்தது. நிற்கவில்லை. யாரையும் சும்மா போகவிடாத மனுஷி, தன் வாசலால் சும்மா போனார். அப்பாவின் கபுறு இருக்கும் மையவாடி, அந்தப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம்.

அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியவில்லையே என்ற குறை இன்னும் எங்களுக்கு இருக்கிறது. 2022 மார்ச்சில் ஊர்களிலேயே அடக்கலாம் என்றார்கள். 2024 ஜூலையில் எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நாங்கள் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பாதை திறந்ததும் ஓட்டமாவடிக்குப் போனோம். வெயில் மண்ணில் வரிசை வரிசையாகக் கபுறுகள். அங்கே அடங்கியிருப்பவர்கள் 3,600 பேருக்கும் மேல்; முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவர்களும் இருக்கிறார்கள். உம்மம்மாவுக்கு ஓர் இலக்கம். ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி முடித்ததும் சின்ன மாமாவின் மகன் கேட்டான்: "உம்மம்மாக்குப் பக்கத்துல யாரு?" அவர் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார். நாங்கள் எழும்பி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்வரிசை என்று பெயர் தெரியாத எல்லோருக்கும் துஆச் செய்துவிட்டு வந்தோம். நாங்கள் இல்லாத நாட்களில் இப்படி யாரோ அவருக்கும் கேட்கிறார்கள் என்று நம்புகிறோம். அந்தப் பக்கம் போகிற சொந்தங்கள் ஒரு நிமிடம் நின்று போங்கள்.

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் இன்றும் முதலில் முகங்களைத்தான் பார்க்கிறோம். பசியோடு வந்த பிள்ளை எது என்று இப்போது எங்களுக்குச் சொல்லத் தெரியும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

யா அல்லாஹ், எங்கள் உம்மம்மாவின் கபுறை விசாலமாக்குவாயாக. அங்கே அவரோடு இருக்கும் எங்கள் சொந்தங்களின் கபுறுகளையும் வெளிச்சமாக்குவாயாக. ஆமீன்.