வீட்டுக்கு வந்த கைவேலை

பள்ளிக் கைவேலை பெரும்பாலும் இரவு உணவுக்குப் பின்னரே வீட்டிற்குள் நுழைகிறது. மறுநாளைக்கான புத்தகங்களைப் பையில் அடுக்கும் வேளையில்தான் பிள்ளைக்கு அது நினைவுக்கு வரும். "நாளைக்குச் செயல்திட்டம் கொடுக்க வேண்டும்" என்னும் சொல் காதில் விழுந்ததும் வீடு பரபரப்படைகிறது. தந்தை சட்டையை மாட்டிக்கொண்டு எழுதுபொருள் கடைக்கு விரைகிறார். தாய் பரணில் கிடக்கும் பழைய அட்டைப் பெட்டிகளை இறக்குகிறார். பசைக் குப்பியின் வாய் காய்ந்து அடைத்திருக்கிறது. கத்தரிக்கோலையோ காணவில்லை.

இந்த நெருக்கடியைப் பெற்றோர் பல வழிகளில் சமாளிக்கின்றனர். சிலர் பிள்ளையை உறங்க வைத்துவிட்டு, நள்ளிரவு வரை தாமே வெட்டி ஒட்டுகின்றனர். சிலர் கடையில் ஆயத்தமாக விற்கும் எரிமலையையும் சூரியக் குடும்பத்தையும் வாங்கிக் கொடுக்கின்றனர். வேறு சிலர் பள்ளியையும் பிள்ளையையும் மாறி மாறிக் கடிந்துகொண்டே உதவுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள். மற்றவர் முன் தம் பிள்ளை தலைகுனியக் கூடாது என்னும் அன்பே அவர்களை விழித்திருக்கச் செய்கிறது. ஆயினும், கைவேலை தரப்பட்டது பிள்ளையின் கைக்குத்தான் என்பதை அந்த அன்பு மறந்துவிடுகிறது.

கல்வியில் கைத்தொழிலுக்கு இடம் வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூல் நூற்றல் போன்ற ஒரு கைத்தொழிலின் வழியாகவே பிற பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் மாணவர்கள் புத்தகப் பை இல்லாத 10 நாள்களில் தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியோரிடம் பயில வழி சொல்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் கைவேலையின் சுமை சற்றுக் கூடுதலானது. பள்ளியிலிருந்து வரும் குறிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பல வீடுகளில் பிள்ளைதான் அதைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். கைகொடுக்கப் பாட்டியோ அத்தையோ அருகில் இல்லை. 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் மகாராட்டிரம் ஒடிசாவுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே, புனேயில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒடிசாவின் கலையைச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. மராத்தியே முழுதாகப் பழகாத பெற்றோர் ஒடிசாவுக்கு எங்கே போவார்கள்?

புனேயில் வாழும் ஒரு குடும்பத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இத்தகைய கைவேலை வந்தது. புரி மாவட்டத்து ரகுராஜ்பூர்க் கலைஞர்கள் செய்யும் ஓலைச் சித்திரத்தைப் போல ஒன்று செய்ய வேண்டும். அவர்கள் பனையோலைகளை ஒரே அளவாக நறுக்கி, நூலால் கோத்து, கூரிய எழுத்தாணியால் உருவங்களைக் கீறுவர். பின் விளக்குக் கரியால் ஆன மையைத் தடவித் துடைப்பர். கீறிய இடங்களில் மட்டும் கறுப்பு தங்கி, படம் எழுந்து நிற்கும்.

மகள் படித்துக் காட்டியதைக் கேட்ட தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஊர் திருச்செந்தூருக்கு அருகில் உள்ள பனங்காட்டுச் சிற்றூர். "இது நம் ஊர்ச் சுவடி அல்லவா!" என்றார். குருத்தோலை எது, சாரோலை எது, நடுவில் உள்ள ஈர்க்கை எப்படி உரிப்பது, ஓலைப்பெட்டியை எப்படி முடைவது என்று அவர் சொல்லச் சொல்ல, மகள் வியப்புடன் கேட்டாள். தந்தையிடம் இத்தனை சொற்கள் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

கைக்கெட்டும் தொலைவில் ஓலை இல்லை. தாய் எடுத்துவைத்திருந்த பழைய திருமண அழைப்பிதழ்களை நீள நறுக்குகளாக வெட்டித் தேயிலைச் சாற்றில் தோய்த்து உலர்த்தினர். கவராயத்தின் முனையே எழுத்தாணி ஆயிற்று. மகள் ஒரு மீனைக் கீறி, மை தடவினாள். அட்டை முழுவதும் கறுத்துவிட்டது. மறு நறுக்கில் முதலில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுக் கீறினர். இம்முறை மை கோட்டில் மட்டும் தங்கியது. ஆனால் கோடு நடுங்கியிருந்தது. மீனின் வால் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. தந்தையின் கை தானாகவே கவராயத்தை நோக்கி நீண்டது. தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "நீ கையை வைக்காதே ஐயா, பிள்ளை கீறட்டும்" என்றார். நீண்ட கை பின்வாங்கியது.

படத்தின் கீழே மகள் 'மீன்' என்று கீறினாள். புள்ளி வைக்க முனையை அழுத்தியதும் அட்டை துளைபட்டது. அவள் முகம் வாடியது. தந்தையோ சிரித்தார். பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்றும், புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் அவ்வாறு எழுதினர் என்றும் விளக்கினார். ஒடிய எழுத்துகள் வட்ட வட்டமாக இருப்பதற்கும் ஓலையே காரணம் என்று அறிஞர் கூறுவர். நேர்க்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கீறிப் போகும். எந்தப் பாடநூலும் சொல்லி விளங்காத ஒன்றை அந்தச் சிறு துளை அவளுக்கு விளக்கியது.

வகுப்பில் அவளுடைய நறுக்கைவிட அழகாகப் பளபளத்தவை பல இருந்தன. சாய்ந்த வாலுடன் இருந்த மீனுக்கு நடுத்தரமான மதிப்பெண்ணே கிடைத்தது. ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஆசிரியர் கேட்டபோது, மெழுகு முதல் புள்ளி வரை அவளால் தங்குதடையின்றிக் கூற முடிந்தது.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குச் 'சாப்பிடு', 'தூங்கு', 'படி' என்னும் சொற்கள் நாள்தோறும் கிடைக்கின்றன. நறுக்கு, நீவு, கோத்துக் கட்டு, முடை, உரி என்னும் சொற்கள் வேலை நடக்கும் இடத்தில்தான் கிடைக்கும். வேலை நின்றுபோன வீட்டில் அச்சொற்களும் மெல்ல ஓய்ந்துவிடும். பெற்றோர் தம் கைத்திறனைவிடத் தம் நினைவையும் சொல்லையும் தருவதே பிள்ளைக்கு நிலைத்த உதவியாகும். கோணலாக வந்தாலும் கோடு பிள்ளையுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கைவேலை பற்றிய செய்தியைக் கடை அடைக்கும் நேரத்தில் சொல்லாமல், இரண்டு நாள் முன்னதாகவே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி

1. பெற்றோர் கைவேலையைச் சமாளிக்கும் வழிகளாகப் பாடம் கூறுவன யாவை?
2. பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதியது ஏன்?
3. "நீ கையை வைக்காதே ஐயா; பிள்ளை கீறட்டும்" – ஆச்சி இவ்வாறு கூறியதன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
4. உம் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ அவர்கள் அறிந்த ஒரு கைத்தொழிலைப் பற்றிக் கேட்டு, அதில் வழங்கும் ஐந்து தமிழ்ச் சொற்களைத் தொகுத்து எழுதுக.