அறுத்த பலகையும் கொடுத்த வாக்கும்



அடுக்களை அலமாரிக்குக் கதவு போடுவதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கடந்த ஷவ்வால் மாதத்தில் நம் வீட்டு அடுக்களையைச் செப்பனிட்டபோதுதான், பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வந்த ஒரு பாடத்தை நாமே கற்க நேர்ந்தது.

அயோத்தியாப்பட்டணத்தில் நாம் வாழும் வீடு தந்தையார் கட்டியது. அக்கால வழக்கப்படி அடுக்களைச் சுவரில் கடப்பா கல் பலகைகளைப் பதித்து அலமாரி அமைத்திருந்தார்கள். கதவு கிடையாது; கம்பியில் கோத்த துணித் திரை மட்டுமே. எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பானும் எலியும் இல்லத்தாரை வாட்டி வந்தன. இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும், அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை அடைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆகவே கதவு நமக்குத் தேவை, ஆடம்பரமன்று என்று முடிவு செய்தோம்.

முடிவு எளிது; தேர்வுதான் கடினம். தேக்குச் சட்டத்தில் பலகை பொருத்திய கதவு அழகும் உறுதியும் உடையது. சேலத்துக் கோடை வறட்சியில் மரம் சுருங்கும். ஐப்பசி ஈரத்தில் விரியும். அதனால்தான் தேர்ந்த தச்சர்கள் நடுப்பலகையைப் பசையிட்டு இறுக்காமல், சட்டத்தின் காடியில் சற்றே அசையுமாறு விட்டு வைக்கிறார்கள். ஆயினும் தேக்கின் விலை நம் கைக்கு எட்டவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் விலை குறைந்தவை. ஆனால் ஓரத்தில் நீர் புகுந்தால் உப்பிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே அவை நீடிப்பது கடினம். பி.வி.சி. பலகைக்கு நீரும் கரையானும் பகையல்ல. அடுப்பின் வெப்பமே பகை. ஐ.எஸ். 710 என்ற தர எண் கொண்ட மெரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதித்தாலும் அடுக்குப் பிரியாதிருக்க வேண்டும் என்பது விதி.

உடல்நலமும் கருத வேண்டியதாயிற்று. இவ்வகைப் பலகைகள் பலவற்றின் பசையில் ஃபார்மால்டிஹைடு கலந்துள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எனவே அந்த வாயு குறைவாக வெளிப்படும் ஈ-0 அல்லது ஈ-1 வகைப் பலகையைக் கேட்டு வாங்குவதும், அறுத்த ஓரங்களைத் திறந்து விடாமல் பட்டி ஒட்டி மூடுவதும் நலம்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து, நம் ஊர் ஆசாரி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட். மேலே 1 மில்லிமீட்டர் மங்கலான சந்தன நிற மைக்கா. வேலைப்பாடு ஏதுமில்லாத தட்டையான கதவுகள் பதினான்கு. துருப்பிடிக்காத எஃகுக் கீல்கள். மொத்தம் 92,000 ரூபாய், முன்பணம் 35,000. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஏவும் வசனமே (2:282) குர்ஆனில் மிக நீண்ட வசனம் அன்றோ! அதை நினைவில் கொண்டு, இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

பத்து நாள்கள் கழித்து, சேலத்தில் உறவினர் ஒருவரின் புதுமனைக்கு விருந்துக்குச் சென்றோம். அவர்களுடைய அடுக்களையைக் கண்டதும் நம் உள்ளம் தடுமாறியது. கண்ணாடி போல் முகம் தெரியும் அக்ரிலிக் கதவுகள்; கைப்பிடியே இல்லை; விரலால் தொட்டால் ஓசையின்றி மூடிக்கொண்டன. ‘மாதத் தவணை வசதி இருக்கிறது, யோசிக்காதீர்கள்’ என்றார் அவர்களுக்கு வேலை செய்தவர். தவணை என்றால் வட்டி என்பது நமக்குத் தெரியாததன்று. ஆயினும் நகையை விற்றாவது கைப்பணத்திலேயே செய்துவிடலாம் என்று நஃப்ஸ் வழி சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் காலை ஆசாரியின் பட்டறைக்குச் சென்று, வேலையை நிறுத்துமாறு கூறினோம். பதினான்கு கதவுகளுக்கும் பலகை அறுத்து, ஒன்பதுக்கு மைக்காவும் ஒட்டியிருந்தார். ‘ஆன செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்றோம். அவர் கோபப்படவில்லை. அறுத்த பலகையின் மேல் கை வைத்தபடி, ‘பாய், இந்த அளவு உங்க அடுப்படிக்கு மட்டுந்தானுங்க. இதை நான் யாரு வீட்டுல மாட்டுறது?’ என்று மட்டும் கேட்டார். விடை கூறாமல் திரும்பினோம்.

அன்றிரவு கிதாபைத் திறந்தோம். உண்மையைத் தேடி அன்று; நமக்குச் சாதகமான ஒரு சொல்லைத் தேடித் திறந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஒரு பொருளைச் செய்து தருமாறு கைவினைஞரிடம் ஒப்பந்தம் செய்வதற்கு ஃபிக்ஹில் ‘இஸ்திஸ்னா’ என்று பெயர். செய்து முடித்த பொருளைக் கண்டபின், ஏற்கவோ மறுக்கவோ செய்யச் சொன்னவருக்கு உரிமை உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அதைப் படித்ததும் நம் மனம் மகிழ்ந்தது. அடுத்த வரியில் அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து இருந்தது. பேசிய தன்மைப்படி பொருள் அமைந்துவிட்டால் மறுக்கும் உரிமை இருவருக்கும் இல்லை என்பது அது. அதற்கு நூல்கள் கூறும் காரணம் யாது? செய்பவர் தம் மூலப்பொருளை வெட்டிச் செலவழித்துவிட்டார். ஒருவருக்கென்று செய்ததை வேறொருவர் அதே விலைக்கு வாங்கமாட்டார். அவருக்கு நட்டம் நேரும் என்பதே. அக்கால உதாரணம் தோலும் காலுறையும். நம் காலத்தில் பலகையும் கதவும். ஃபிக்ஹ் நூல் எதையும் ஓதாத ஆசாரி, காலையில் அதே காரணத்தைத்தான் நம்மிடம் எடுத்துரைத்திருந்தார்.

உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பு இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தையே ஏற்றது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், நிபந்தனைகள் நிறைவேறினால் இவ்வொப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. நம் மாணவர்களுக்கு இதையே நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து மதிப்புக்குரியது. ஆனால் நாம் அதை நாடியது ஆய்வினால் அன்று, ஆசையினால்.

தயங்கித் தயங்கி இல்லத்தாரிடம் கூறினோம். அவர்கள் சொன்னது ஒரே வாக்கியம்: ‘ஓத வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமாங்க?’ அக்ரிலிக் கதவை விரும்பியது அவர்கள் அல்லர், நாம்தான் என்பதும் அப்போதுதான் நமக்கு உறைத்தது. அவர்கள் வேண்டியதெல்லாம் எலி புகாத ஓர் அலமாரியே.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நேரே ஆசாரியின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். வேலை நின்றுபோன ஒரு நாளுக்கான கூலியைத் தனியே கொடுத்தோம். அவர் முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். கதவுகளை மாட்டிய அன்று ஒரு கதவின் ஓரப்பட்டி நிறம் சற்றே மாறியிருந்தது. நம் கண்ணில் அது படவில்லை. அவரே சுட்டிக்காட்டி, கழற்றிக்கொண்டு போய் மாற்றி வந்தார். தாளில் எழுதியது நம்மை மட்டுமன்று, அவரையும் கட்டியிருந்தது. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு இப்னுமாஜாவில் வரும் நபிமொழியை எண்ணி, மீதிப் பணத்தை அன்று மாலையே கொடுத்து முடித்தோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர்கள் வாயிலில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். போரிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாமல் இழுத்துக் கிழித்து, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு அல்லாஹ் நம்மை ஏவவில்லை என்ற கருத்தைக் கூறினார்கள். அன்னையவர்கள் அத்துணியை வீணாக்காமல் வெட்டி, ஈச்சநார் அடைத்து இரு தலையணைகளாக்கினார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை. அழகிய கதவு ஹராம் என்று நாம் கூறவில்லை. வசதியுள்ளோர் வீண்விரயமும் பெருமையும் இன்றிச் செய்துகொள்ளலாம். ஆயினும் தேவை எங்கே முடிகிறது, சுவருக்கு ஆடை அணிவிப்பது எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டு வேலை தொடங்கவிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பலகையின் வகை, தர எண், கனம், மைக்காவின் எண், கீலின் வகை, முடியும் நாள், மொத்தத் தொகை, பணம் தரும் தவணைகள் ஆகிய அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் மனத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அறுத்த பின் மாற்றாதீர்கள்.

பழைய துணித் திரையை இல்லத்தார் வெட்டிக் கைபிடித் துணிகளாக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வோர் இரவும் பிஸ்மில்லாஹ் கூறி அந்தப் பதினான்கு கதவுகளை அடைக்கிறோம். அவற்றில் நம் முகம் தெரிவதில்லை. அல்ஹம்துலில்லாஹ், அதுவும் நல்லதே.

கொடுத்த வாக்கைக் காக்கும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.