பதுளை எவ்வளவு தூரம்?

திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்கிவிடலாம். கடல் கடந்த களைப்பே தெரியாது. ஆனால் ஊவா மாகாணத்தில் சொந்தபந்தம் உள்ள சகோதரிகளுக்குப் பயணம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

கொழும்பிலிருந்து பதுளை எவ்வளவு தூரம்? வரைபடத்தில் கோல் வைத்து அளந்தால் சுமார் 130 கிலோமீட்டர்தான். விமானம் நேராகப் பறந்தால் அரை மணி நேரம் போதும். ஆனால் பதுளைக்கு அன்றாடப் பயணிகள் விமானம் கிடையாது. இரத்தினபுரி, அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பஸ்ஸில் போனால் சுமார் 230 கிலோமீட்டர். ரயிலில் 292 கிலோமீட்டர். வழக்கமான நாட்களிலேயே ஒன்பது, பத்து மணி நேரம் பிடிக்கும். பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகைக்கு மார்க்க அறிஞர்கள் பலரும் தூரத்தையே பார்க்கிறார்கள், நேரத்தை அல்ல. பதுளைக்குப் போகிறவருக்கு இரண்டுமே நிறைய!

இத்தனை சுற்று ஏன்? மலைதான் காரணம். ரயில் கடல்மட்டத்தில் புறப்பட்டு, பட்டிப்பொலையில் 1,898 மீட்டர் உயரம் ஏறி, பிறகு பதுளைக்காக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. தெமோதரையில் பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, சற்று முன் நின்ற அதே ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. பிள்ளைகளுக்கு ஜன்னலோர இடம் கொடுங்கள். நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்த ரயில், பக்கத்திலேயே இருக்கும் பதுளையை எட்ட 1924 ஆயிற்று.

அந்த ரயில் தேயிலைக்காக வந்தது. தேயிலைக்கும் முன்பு கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தே மலையேறினார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர்கள் ஏராளம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகளில் பல்லாயிரம் பேர் தலைமன்னார் கப்பலில் இராமேஸ்வரம் திரும்பினார்கள். அக்காள் நீலகிரியில், தங்கை பசறையில் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ!

பதுளை ஸ்டேஷனில் இறங்கிவிட்டால் வந்து சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் மறுபடி பஸ் ஏற வேண்டும். மெயின் ரோட்டில் இறங்கிய பின் லயம்வரை ஆட்டோ, அதுவும் ஏறாத இடத்தில் நடை. எனக்கு இந்தக் கடைசி மூன்று நான்கு மைல்தான் பயணத்திலேயே மிக நீளமானதாகத் தோன்றுகிறது. விருந்தாளிக்கு அது ஒரு நாள் சிரமம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் அன்றைய 'பேர்' போய்விடும். அதாவது ஒரு நாள் சம்பளம். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இரவில் வலி கண்டால், மழையில் கரைந்த அந்தத் தோட்டத்துப் பாதை எவ்வளவு தூரம் என்று எந்தக் கோலால் அளப்பது?

2025 நவம்பரில் டிட்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகள் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் சேதப்படுத்தின. ஆகவே புறப்படுமுன் ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து உறவினரிடம், பதுளையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.