மூச்சின் மொழி

வாயில்லா உயிர்க்கு மூச்சே மொழி. எங்கள் தெருவில் ஈன்ற நாயின் குட்டிகளிடம் அம்மொழியைக் கற்றேன். உறங்கும் குட்டி விரைந்து மூச்செறிந்து கால்களை உதைத்தால், அது பெரும்பாலும் கனவே. விளையாடியபின் நாவைத் தொங்கவிட்டு இரைப்பதும் இயல்பே. உடலெங்கும் வியர்த்துக் குளிர நாய்க்கு இயலாது. ஓய்ந்திருக்கும் குட்டி நிமிடத்திற்கு 15 முதல் 40 முறை மூச்சுவிடும். கிடந்த கிடையிலும் வேகம் தணியாது, ஈறு வெளிறி, பாலையும் மறுத்தால் அது நோயின் முறையீடு. ஒரு குட்டி அவ்வாறு இரைத்தது. கால்நடை மருத்துவரிடம் விரைந்தோம். நுரையீரல் அழற்சி என்றார், மருந்தால் பிழைத்தது.

தாகத்தால் இரைத்த நாய்க்குத் தம் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரை இறைவன் மன்னித்ததாக நபிமொழி கூறும். தாம் பட்ட தாகத்தையே அதன் மூச்சில் கண்டதாலன்றோ அவர் மீண்டும் கிணற்றில் இறங்கினார்!