போனஸும் வரிப் பாத்தியும்

வருமானவரி 1932ஆம் ஆண்டில் இந்நாட்டிற் சட்டமானபோது, அது பெருந்தனவந்தர்க்கு உரிய தொல்லையாகவே இருந்தது. இன்றோ மாதச் சம்பளம் ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டிய எந்த வீட்டின் அடுக்களையிலும் அதைப்பற்றிய பேச்சு எழுகின்றது. பேச்சுப் பெருகிய அளவுக்குக் கணக்கறிவு பெருகவில்லை என்பதே என் மனக்குறை.

என்னிடம் கணிதங் கற்ற ஒருவன் கொழும்பிலே ஒரு தனியார் கந்தோரில் வேலை பார்க்கின்றான். மாதச் சம்பளம் 140,000 ரூபா. தகப்பனார் இல்லை, தங்கை பல்கலைக்கழகத்திற் படிக்கின்றாள், வீட்டின்மீது கடனும் உண்டு. அத்தகையவன் மேலதிக நேர வேலையை மறுத்துவிட்டான் என்று கேள்வியுற்று விசாரித்தேன்.

“ஓவர்டைம் செய்தால் வரிப்படி ஏறிடுவன், சேர். பிறகு முழுச் சம்பளத்துக்கும் வரி வெட்டுவினம். இருக்கிறதும் போயிடும்” என்றான். கந்தோரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கின்றார்களாம்.

படி என்ற சொல்லே மயக்கந் தருவது. மேற்படியில் ஏறியவன் கீழ்ப்படியை விட்டுவிடுகின்றான். வரியோ அப்படியன்று. நம்மூர் வெங்காயத் தோட்டத்தில் நீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். முதற்பாத்தி நிறைந்த பின்னரே நீரை அடுத்ததற்குத் திருப்புவார்கள். அதனால் முதற்பாத்தி வற்றிவிடுவதில்லை. 2025 ஏப்ரல் முதலான விதிப்படி, ஆண்டு வருமானத்தின் முதல் 18 இலட்சத்துக்கு வரியில்லை. அடுத்த 10 இலட்சத்துக்கு 6 வீதம். அதன்மேல் ஐந்தைந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம்; மிகுதிக்கு 36. ஒவ்வொரு வீதமும் தன் பாத்தியிலுள்ள பணத்தை மட்டுமே தொடும்.

மாணவனின் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். கடை, காரியாலய ஊழியர் சட்டம் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் விதிக்கின்றது. அவ்வகையில் மாதம் 30,000 ரூபா உழைத்தால் ஆண்டுக்கு 360,000. மொத்த வருமானம் 2,040,000, வரி 14,400. ஆக, பதினாலாயிரத்துக்கு அஞ்சி மூன்றரை இலட்சத்தை அன்றோ கைநழுவ விடவிருந்தான்! தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

போனஸ் விடயத்தில் அச்சம் இன்னும் பெரிது. அதற்குக் காரணமும் உண்டு. மாதம் 230,000 ரூபா பெறுபவருக்கு மாதவரி 4,800. முதற்பாத்தி நிறைய அவருக்கு 40,000 ரூபாவே குறை. ஒரு மாதச் சம்பளம் போனஸாக வந்தால், அந்த 40,000க்கு வரி 2,400. மிகுதி 190,000க்கு 18 வீதமாக 34,200. சம்பளச் சீட்டில் வரி 41,400 என்று கண்டால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? ஆயினும் போனஸில் 193,400 கைக்கு வந்துவிட்டது. ஆறிலிருந்து ஒரே தாவலாய்ப் பதினெட்டுக்குப் போவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கடுமையானதே. அதை எதிர்த்து வாதாட நானும் ஆயத்தம். ஆனாற் கடுமை வேறு, நட்டம் வேறு. கடைசிப் பாத்தியிற்கூட ரூபாவுக்கு 36 சதமே போகும்.

இன்னொன்று. 140,000 பெறுபவர் ஒரேயொரு மாதம் ஓவர்டைமுடன் 170,000 பெற்றால், அந்த மாதக் கணக்கிலே 1,200 ரூபா கழிபடலாம். ஆண்டுக் கூட்டுத்தொகையோ 1,710,000, வரியே இல்லை. கழித்தது முற்பணந்தான். கழிப்புச் சான்றிதழை வேலைகொடுத்தவரிடம் பெற்று, நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டை அனுப்பி மீளக் கோரலாம். அலைச்சலுக்கு அஞ்சி விடுவது அவரவர் விருப்பம்.

சித்திரை வருடப்பிறப்புப் போனஸ் மார்ச்சில் வருவது நல்லதா, ஏப்ரலில் வருவது நல்லதா என்றுஞ் சிலர் கேட்பதுண்டு. வரியாண்டு மார்ச் 31இல் முடிகின்றது. ஊழியர்க்குப் பணம் கைக்கு வந்த நாளே கணக்கு. பழைய ஆண்டின் பாத்தியில் இடம் மிச்சமிருந்தால் மார்ச் நல்லது, நிறைந்திருந்தால் ஏப்ரல். திகதியை வைப்பவர் முதலாளி. வருடப்பிறப்புக்குப் புடவை வாங்கக் காத்திருக்கும் வீட்டிலோ இந்த யோசனை எடுபடாது.